விடுமுறையில் பிள்ளைகளை வெளியே இறக்க: திண்ணையோரக் குழியானை முதல் மணவாளக்குறிச்சி மணல் வரை

கேள்வி இதுதான்: நாகர்கோவில் பக்கம் வீடு. மகனுக்கு 7 வயது, மகளுக்கு 11. விடுமுறை விட்ட நாளிலிருந்து இரண்டு பேர் கையிலும் போன். திற்பரப்புக்கும் கன்னியாகுமரிக்கும் கூட்டிப் போனால் அரை மணி நேரத்தில் "வீட்டுக்குப் போலாமா" என்று தொடங்கிவிடுகிறார்கள். இயற்கையில் ஈடுபாடு வர என்ன செய்வது? இந்த வெயிலில் வெளியே விடலாமா?

திற்பரப்பில் பிள்ளைகள் சலித்துப்போனதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அங்கே அவர்கள் கைக்கு என்ன வேலை இருந்தது? அருவியைப் பார்க்க வேண்டும், நனைய வேண்டும், போட்டோவுக்குச் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான். ஏழு வயதுப் பிள்ளைக்குத் தோண்டவும் பொறுக்கவும் அளக்கவும் கலைத்துவிட்டுத் திரும்பக் கட்டவும் ஏதாவது இருந்தால் பொழுது போவதே தெரியாது. அதனால் சுற்றுலா இடங்களை இந்த விடுமுறைக்கு மறந்துவிடுங்கள். வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் ஓர் இடத்தைப் பிடியுங்கள். பக்கத்து விளை (தோப்பு), குளத்தங்கரை, சானல் (பாசனக் கால்வாய்) கரை, கோயில் அரசமரத்தடி, எதுவானாலும் சரி. பத்து இடத்துக்கு ஒவ்வொரு தடவை போவதைவிட, அந்த ஒரே இடத்துக்குப் பத்து தடவை போங்கள். முதல் தடவை போகிற பிள்ளைக்கு மரம், செடி, மண் என்று எல்லாம் ஒரே மொத்தமாகத்தான் தெரியும். நாலாம் தடவைதான் "நேத்து இந்தக் குழி இங்க இல்லையே" என்று கேட்கும். அந்தக் கேள்வி வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இடம் தேர்வதில் கவனிக்க வேண்டியவை: காலையிலும் மாலையிலும் நிழல் விழ வேண்டும், உட்கார்ந்து பார்க்கக் கொஞ்சம் வெறும் தரை வேண்டும், ஆழமான தண்ணீர் பக்கத்தில் இருக்கக்கூடாது. தென்னை, பலா, அயினி (காட்டுப்பலா வகை), கொல்லாமா (முந்திரி), மரச்சீனி (மரவள்ளி) எல்லாம் கலந்து நிற்கிற பழைய விளை கிடைத்தால் அதைவிட நல்ல இடம் இல்லை. ரப்பர் தோட்டம் நிழலாகத்தான் இருக்கும். ஆனால் ஒரே மரம், அடியில் சருகு மெத்தை, அதற்குள் என்ன கிடக்கிறது என்று தெரியாது. முதல் இடமாக அதை எடுக்க வேண்டாம். விளைக்காரரிடம் சொல்லிவிட்டுப் போங்கள், தேங்காய் வெட்டும் நாள் எது என்றும் கேட்டு வையுங்கள். வெட்டாத நாளிலும் தென்னைக்கு நேர் கீழே உட்கார வைக்கக்கூடாது; காய்ந்த மட்டை சொல்லிக்கொண்டு விழுவதில்லை.

காளிகேசம், உலக்கை அருவி என்று காட்டுப் பக்கம் போக ஆசைப்படுவீர்கள். அதெல்லாம் வனத்துறை அனுமதி சார்ந்த இடங்கள், யானை நடமாடும் பகுதி. இந்த வயதுக்கு அவசரமே இல்லை.

நேரத்தைப் பொறுத்தவரை, மே மாதம் நம் பக்கம் சூரியன் ஏறக்குறைய 6 மணிக்கு உதிக்கிறது. 6.15 முதல் 8.30 வரை, மாலையில் 4.30 முதல் 6.15 வரை. நடுவே 10.30 முதல் 3.30 வரை, கீழே சொல்லப்போகும் நிழல் கணக்கைத் தவிர, வெளிவேலை வேண்டாம். "திருநெல்வேலி மாதிரி நாற்பது டிகிரி இங்கே அடிப்பதில்லையே" என்று சிலர் அசட்டையாக இருப்பார்கள். நமக்கு வெப்பம் குறைவு, ஈரப்பதம் கூடுதல். வேர்வை உலராது, உலராவிட்டால் உடம்பு குளிராது. ஆளுக்கு 750 மில்லி தண்ணீர்ப் பாட்டில், இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை நாலைந்து மடக்கு, தாகம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும். வீடு திரும்பியபின் சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். சின்னவன் காரணமில்லாமல் சிணுங்கினால் பிடிவாதம் என்று திட்டாதீர்கள், பெரும்பாலும் அது சூட்டின் முதல் அறிகுறி. நிழலில் உட்கார வைத்து நீர்மோரோ இளநீரோ கொடுங்கள். வாந்தி, தலைவலி என்று போனால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். உடம்பு கொதித்து, பேச்சு குழறினால் வீட்டு வைத்தியம் பார்க்காமல், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பையில் பெரிதாக எதுவும் வேண்டாம். பழைய கரண்டி ஒன்று, டீ வடிகட்டி, 15 செ.மீ. ஸ்கேல், கோடு போடாத நோட்டு, பென்சில் (பேனா நனைந்தால் ஊறிவிடும்), ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டு, கைக்கண்ணாடி லென்ஸ். லென்ஸில் பத்து மடங்கு காட்டுகிற மடக்கு லென்ஸ் நல்லது, நகை வேலை செய்பவர்கள் வைத்திருக்கும் வகை. ஆனால் பத்தில் ஒன்பது பிள்ளைகள் துப்பறிவாளர் மாதிரி அதைப் பூச்சிக்கு மேல் பிடித்துக்கொண்டு தூரத்திலிருந்து பார்ப்பார்கள், ஒன்றும் தெரியாது. லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, பார்க்கும் பொருளை மெதுவாக முகத்தருகே கொண்டுவர வேண்டும். இரண்டரை செ.மீ. தூரத்தில் பளிச்சென்று தெளியும். முதல் நாள் இதை மட்டும் தங்கள் விரல் ரேகையில் பழகட்டும்.

இனி வேலைக்கு வருவோம். ஏழு வயதுக்காரனுக்கு, கோடையில் குழியானையைவிட நல்ல ஆசிரியர் கிடையாது. குழிநரி என்றும் சொல்வார்கள். ஓட்டு வீட்டு இறவாணத்துக்கு (கூரை விளிம்புக்கு) அடியில், திண்ணையோரம், மழைச்சாரல் படாத பொடி மண்ணில் புனல் போட்டது மாதிரி இரண்டு முதல் ஐந்து செ.மீ. அகலத்தில் குழிகள் இருக்கும். அடியில் ஒரு புழு தாடையை மட்டும் நீட்டிக்கொண்டு காத்திருக்கும். எறும்பு சரிந்து விழுந்தால் கவ்விக்கொள்ளும். ஏறித் தப்பப் பார்த்தால் தலையால் மண்ணை வாரி எறிந்து சரிய வைக்கும். இது புழுப் பருவம்தான். வளர்ந்தபின் தட்டான் மாதிரி சிறகு முளைத்துப் பறக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற பெரியவர்களே நம்புவதில்லை.

பிடிப்பதற்கு விரலை விடக்கூடாது. குழியின் அடியிலிருந்து இரண்டு செ.மீ. கீழே கரண்டியைச் செருகி, மண்ணோடு அள்ளி, டீ வடிகட்டியில் போட்டு அசைத்தால் மண் இறங்கிவிடும், ஒரு தூசு உருண்டை தங்கும். அது அசையாது, செத்தது போலக் கிடக்கும். குழந்தை "செத்துட்டு" என்று முகம் வாடுவதற்குள் சொல்லிவிடுங்கள்: கொஞ்ச நேரம் பொறுத்தால் பின்பக்கமாக நகரத் தொடங்கும். குழி தோண்டுகிற இந்த வகை முன்னோக்கி நடப்பதில்லை, எல்லா நடையும் ரிவர்ஸ்தான்.

வாய் அகன்ற பிளாஸ்டிக் தொட்டியில், 20 செ.மீ. அகலமாவது இருக்கட்டும், அதே இடத்து மண்ணை மாவுச் சல்லடையில் சலித்து ஐந்து செ.மீ. உயரத்துக்கு நிரப்பி, நடுவில் குழியானையை விடுங்கள். வராந்தாவில் சாரலும் உச்சி வெயிலும் படாத மூலையில் வைத்துவிட்டால் பெரும்பாலும் மறுநாள் காலைக்குள் குழி தயாராக இருக்கும். குழி வராவிட்டால் காரணம் மூன்றில் ஒன்று. மண்ணில் ஈரம் இருக்கும். அல்லது கட்டிட வேலைக்கு இறக்கிய எம்-சாண்ட் மாதிரி பருமனான மண்ணைப் போட்டிருப்பீர்கள், அதில் சரிவு நிற்காது. அல்லது பிள்ளைகள் மணிக்கொரு தடவை தோண்டிப் பார்த்திருப்பார்கள். மூன்றாவதுதான் அதிகம் நடப்பது. ஒரே தொட்டியில் நெருக்கமாக இரண்டை விட்டால் ஒன்று மற்றதைத் தின்றுவிடும், அதனால் தொட்டிக்கு ஒன்றே போதும். இரண்டு நாளுக்கு ஓர் எறும்பு போட்டால் தாராளம். பட்டினி கிடந்தாலும் பல வாரம் தாங்கும், ஊருக்குப் போனால் கவலை இல்லை.

இதில் கேட்க வேண்டிய கேள்விகளைப் பிள்ளையே கேட்கும்படி விடுங்கள். குழியின் அகலத்தைத் தினமும் ஸ்கேலால் அளந்து எழுதட்டும். புல்நுனியால் குழியின் விளிம்பைச் சுரண்டி எறும்பு மாதிரி ஏமாற்றிப் பார்க்கட்டும். பக்கத்தில் இன்னொரு கிண்ணத்தில் அதே மண்ணைப் போட்டுக் கரண்டியால் அதைவிடச் செங்குத்தான குழி தோண்ட முடிகிறதா என்று போட்டி வையுங்கள். முடியாது, மண் ஓர் அளவுக்கு மேல் செங்குத்தாக நிற்காமல் சரியும். அந்தக் கடைசி அளவில்தான் குழியானை தன் குழியை நிறுத்தி வைத்திருக்கிறது. எறும்பின் கால் பட்டால் போதும், சரியும். இன்னொன்று, ஏழு வயதுக்கு ரொம்பப் பிடிக்கும் செய்தி: குழியானை புழுவாக இருக்கும் காலம் முழுக்க, அது ஓரிரண்டு வருடமானாலும், கக்கூஸ் போவதில்லை. எல்லாவற்றையும் சேர்த்து வைத்துச் சிறகு முளைத்தபின்தான் கழிக்கும். இதைச் சொன்னால் அன்று முழுக்க வீட்டில் வேறு பேச்சு இருக்காது.

பதினொரு வயதுக்காரிக்குக் கொஞ்சம் கணக்கு வேண்டும். அவளுக்கு நிழல் குச்சி. ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான குச்சியைச் சமதரையில் நட்டு, பக்கத்தில் நூலில் கல் கட்டித் தொங்கவிட்டு, குச்சி செங்குத்தாக நிற்கிறதா என்று இரண்டு பக்கமும் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று டிகிரி சாய்ந்தாலே நிழலில் ஐந்து செ.மீ. பிழை வரும், பெரும்பாலான முயற்சிகள் இங்கேதான் கெடும். 11.50 முதல் 12.50 வரை பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை தொப்பி போட்டுக்கொண்டு ஓடிப்போய் நிழல் நுனியில் ஒரு கூழாங்கல் வைத்துவிட்டு ஓடி வந்துவிடலாம். மிகக் குட்டையான நிழல் 12 மணிக்கு வராது, மே மாதத்தில் ஏறத்தாழ 12.16க்கு வரும். நம் கடிகாரம் அலகாபாத் பக்கத்துக் கோட்டை வைத்து ஓடுகிறது, நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம். அதனால் இந்தத் தாமதம்.

சுவையான பகுதி அடுத்தது. நிழல் தெற்கே விழும். சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்துதான் நிற்கும், நிழல் வடக்கே விழும் என்றுதான் பொதுவாக நினைப்போம். நம் மாவட்டம் 8 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் ஏப்ரல் 10, 11 வாக்கில் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்து, கம்பத்துக்கு நிழலே இல்லாமல் போகும். அதற்குப்பின் ஆகஸ்டு கடைசி வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே. விடுமுறை தொடங்கும்போது நிழலில்லா நாள் பெரும்பாலும் கடந்திருக்கும், ஆனால் அதன்பின் நிழல் நீள்வதை அளக்கலாம். ஒரு மீட்டர் குச்சிக்கு மே 1 வாக்கில் 12 செ.மீ., மே 15 வாக்கில் 19 செ.மீ., ஜூன் 21 அன்று 27 செ.மீ. வாரம் ஒரு தடவை அளந்து நோட்டில் புள்ளி வைத்தால் தானே ஒரு வளைகோடு வரும். வீட்டு வடக்குச் சுவர் ஏன் மே மாதம் சுடுகிறது என்பதற்கும் அவளே பதில் சொல்லிவிடுவாள்.

சூரியனோடு நிலாவையும் சேர்த்துக்கொள்ளலாம். சித்திரா பௌர்ணமி அன்று கன்னியாகுமரியில் சூரியன் மறைவதும் நிலா எழுவதும் ஒரே நேரத்தில் தெரியும் என்று கூட்டம் கூடும். எந்தப் பௌர்ணமியிலும் ஏறக்குறைய அப்படித்தான், இரண்டு பக்கமும் திறந்த ஒரு மொட்டை மாடி இருந்தால் போதும். நெரிசலில் போய் நிற்பதைவிட அது மேல்.

குளத்துப் பறவைகளுக்குக் கோடை சீசன் இல்லை என்பார்கள். பாதி சரி. வலசை வந்தவை ஏப்ரலுக்குள் பெரும்பாலும் கிளம்பிவிடும். ஆனால் ஊர்ப் பறவைகள் சட்டை மாற்றுவது இப்போதுதான். வயலில் மாட்டோடு நடக்கிற உண்ணிக்கொக்கின் தலையும் கழுத்தும் ஆரஞ்சாகும். மண்ணோடு மண்ணாகத் தெரியாமல் நிற்கும் மடையானின் முதுகு கருஞ்சிவப்பாகும். தாமரை இலைமேல் நடக்கிற நீளவால் இலைக்கோழிக்கு அந்த நீள வாலே இந்தப் பருவத்தில்தான் முளைக்கும். அதில் முட்டையை அடைகாப்பது அப்பன் வேலை. தேரூர், சுசீந்திரம், வேம்பனூர் குளங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. சுசீந்திரம்-தேரூர் ஈரநிலமும் வேம்பனூரும் 2022இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை. காலையில் போனால் வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி கிழக்குக் கரையில் நின்று பாருங்கள், எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். பெயர் தெரியவில்லை என்றால் பரவாயில்லை, "ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை தலையைத் தண்ணீரில் விட்டது" என்று எண்ணச் சொல்லுங்கள். எண்ணுகிற பிள்ளை பத்து நிமிடம் அசையாது.

தாமரைக் குளத்தில் இறங்க விடக்கூடாது. தாமரைத் தண்டும் சேறும் காலைப் பிடித்தால் நீச்சல் தெரிந்தவரும் திணறுவார். காலில் புண்ணோடு கலங்கல் நீரில் நின்றால் எலிக்காய்ச்சல் வரலாம். வெயிலில் சூடேறித் தேங்கிய நீர் மூக்கினுள் ஏறினால் மூளையைத் தாக்கும் ஓர் அமீபா உண்டு. மிக அரிது, ஆனால் வந்தால் பிழைப்பது கடினம். குளத்தில் குதித்து முங்குவதை இந்த மாதங்களில் தவிர்ப்பதே புத்திசாலித்தனம். சானல் வேறு விஷயம். ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் குறைந்து, ஓரத்துச் சேற்றில் கொக்குத் தடம், நண்டு வளை, நத்தை ஊர்ந்த கோடு எல்லாம் தெளிவாகத் தெரியும். கன்னிப்பூ என்னும் முதல் போக நெல் சாகுபடிக்குப் பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் பொதுவாக ஜூன் தொடக்கத்தில் திறப்பார்கள். அந்தச் செய்தி வந்த நாள் முதல் சானலுக்குள் பிள்ளைகள் இறங்கக்கூடாது. நேற்று கணுக்கால் அளவு இருந்த இடம் இன்று இழுத்துக்கொண்டு போகும்.

கடற்கரைக்கு ஒரே ஒரு நாள் ஒதுக்கினால் மணவாளக்குறிச்சிப் பக்கம் போங்கள். அங்கே மணலே பாடம். கறுப்பும் சிவப்பும் வெளுப்புமாகப் பட்டை பட்டையாகக் கிடக்கும். கறுப்பு பெரும்பாலும் இல்மனைட், இளஞ்சிவப்பு கார்னெட், வெளுப்பு குவார்ட்ஸ், தேன் நிறத்தில் மின்னுகிற மணி மோனசைட். அலை ஏறும்போது எல்லாவற்றையும் சேர்த்துக் கொண்டுவருகிறது, திரும்பும்போது கனம் குறைந்த குவார்ட்ஸை இழுத்துக்கொண்டு போகிறது. கனமான கறுப்பு தங்கிவிடுகிறது. வீட்டில் முறத்தில் அரிசி புடைக்கிற அதே வேலைதான். ஒரு காந்தத்தைப் பாலித்தீன் பையில் சுற்றிக் காய்ந்த மணலுக்கு மேல் நகர்த்தினால் கறுப்பு மணி ஒட்டிக்கொண்டு வரும். பையிலிருந்து காந்தத்தை உருவினால் மணல் தானே உதிரும். பை இல்லாமல் செய்தால் காந்தத்தைச் சுத்தம் பண்ணவே முடியாது. ஃபிரிட்ஜில் ஒட்டுகிற பொம்மைக் காந்தம் பலிக்காது, பழைய ஸ்பீக்கர் காந்தம் வேண்டும். ஈர மணல் காந்தத்தில் ஒட்டாமல் பையில்தான் ஒட்டும், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு கதையும் உண்டு, உண்மைக் கதை. திருவிதாங்கூரிலிருந்து ஜெர்மனிக்கு ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் ஷோம்பர்க் என்ற வேதியியலாளர் 1909இல் இந்தக் கரையின் மோனசைட்டைக் கண்டுபிடித்தார். அன்றைக்குக் கேஸ் விளக்கின் மேன்டிலுக்கு அதிலிருந்து எடுக்கிற தோரியம் தேவைப்பட்டது. தோரியம் கதிர்வீச்சுள்ள பொருள். ஓரிரு மணி நேரம் கரையில் உட்கார்ந்து பார்ப்பதில் பயப்பட ஒன்றுமில்லை. பாட்டிலில் மணலை அடைத்து வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். அணுக் கனிமம் என்ற வகையில் சட்டமும் அதை அனுமதிக்காது. வீடு திரும்பியதும் கை கழுவிவிட்டுச் சாப்பிடட்டும்.

கடல் விஷயத்தில் மட்டும் சமரசம் கிடையாது. ஏப்ரல், மே மாதங்களில் நம் மேற்குக் கடற்கரையில் கள்ளக்கடல் வரும். எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் அடித்த புயல்காற்று எழுப்பிய நீண்ட அலை இங்கே வந்து ஏறுவது அது. இங்கே காற்று இருக்காது, வானம் தெளிந்திருக்கும், கடல் பாட்டுக்குச் சாதுவாக இருக்கும்; திடீரென்று பெரிய அலைகள் வரிசையாக வரும். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் இப்படித்தான் இறந்தார்கள். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் கள்ளக்கடல் எச்சரிக்கை கொடுக்கும், செய்தியில் வரும். அது வந்த நாளில் கடற்கரை வேண்டாம். வராத நாளிலும் மணலில் அலை ஏறிய ஈரக்கோட்டுக்கு மேலே இருபது எட்டு தள்ளித்தான் பிள்ளைகள், அவர்களுக்கும் கடலுக்கும் நடுவில் கடலைப் பார்த்தபடி ஒரு பெரியவர். முட்டம் பாறைகளில் ஏறவே வேண்டாம். மணக்குடி, தேங்காய்ப்பட்டணம் பொழிமுகங்களில் (ஆறு கடலில் சேருமிடங்களில்) நீர் அமைதியாகத் தெரியும், அடியில் இழுவை இருக்கும். கரையில் கிடக்கும் சொறி என்கிற ஜெல்லிமீனைத் தொட்டு எரிந்தால் மணலைப் போட்டுத் தேய்க்கக்கூடாது, நல்ல தண்ணீரும் ஊற்றக்கூடாது. கடல்நீரால் கழுவி, பிறகு தாங்கக்கூடிய சூட்டு வெந்நீரில் இருபது நிமிடம் வைக்கலாம். மூச்சுத் திணறினால் உடனே ஆஸ்பத்திரி.

வாயில் வைப்பதைப் பற்றி. இது பழ சீசன், பிள்ளைகள் சும்மா இருக்க மாட்டார்கள், இருக்கவும் வேண்டாம். அயினிச்சக்கை, நுங்கு, கொல்லாம்பழம் எல்லாம் இந்த மாதங்களுக்கென்றே வருபவை. அயினியைத் தின்று கொட்டையை வறுத்துப் பார்ப்பதும் ஆராய்ச்சிதான். ஆனால் பச்சைக் கொல்லாண்டியை (முந்திரிக்கொட்டையை) வாயில் வைத்துக் கடித்தால் தோட்டின் எண்ணெய் உதட்டைப் பொசுக்கிவிடும். கொல்லாம்பழச் சாறு சட்டையில் பட்டால் கறை போகாது, பழைய சட்டையோடு அனுப்புங்கள். சானல் கரையிலும் காயலோரத்திலும் நிற்கும் ஒதளங்காய் பார்க்கப் பச்சை மாங்காய் மாதிரியே இருக்கும். உடைத்தால் வெள்ளைப் பால் வரும். அதன் பருப்பு இதயத்தை நிறுத்திவிடும். அந்த மரத்தை முதல் வாரமே காட்டிக்கொடுத்துவிடுங்கள். குன்றிமணி, அரளி இரண்டையும் சேர்த்துக் காட்டுங்கள். விதி ஒன்றே: பெரியவர் பார்க்காத எதுவும் வாய்க்குள் போகக்கூடாது.

நுங்கு தின்ற பின் வண்டி செய்யாமல் விட்டால் பாதி லாபம் போச்சு. ஒரே அளவில் இரண்டு காய், நடுவில் 25 செ.மீ. குச்சி அச்சாக, தள்ளுவதற்கு ஒரு மீட்டர் நீளக் கவட்டைக் கம்பு. குச்சி காயில் இறுக்கமாகவும் கவட்டையில் தளர்வாகவும் இருக்க வேண்டும். மாற்றிச் செய்தால் உருளாது, இழுபடும். பொதுவாகக் குழந்தைகள் இரண்டாவது முயற்சியில் இதைத் தாங்களே கண்டுபிடித்துவிடுவார்கள், அதற்குமுன் சொல்லிவிடாதீர்கள்.

பாம்பு பயத்தால்தான் பல வீடுகளில் பிள்ளைகளை விளைக்குள் விடுவதில்லை. மூடிய செருப்பு, தரையைக் குச்சியால் தட்டிக்கொண்டு நடப்பது, கல்லையும் மட்டையையும் தன் பக்கத்து விளிம்பிலிருந்து தூக்காமல் எதிர்ப்பக்க விளிம்பைப் பிடித்துத் தன்னை நோக்கித் தூக்குவது. மூன்றையும் பழக்கினால் ஆபத்து வெகுவாகக் குறையும். கடைசியாகச் சொன்னதன் காரணம், அடியில் எது இருந்தாலும் வெளியேறும் வழி உங்கள் காலுக்கு எதிர்த்திசையில் இருக்கும். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடித்த இடத்தை அசைக்காமல் பிடித்துக்கொண்டு 108ஐ அழைத்து, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாதிரி விஷமுறிவு மருந்து உள்ள இடத்துக்கு நேராகப் போக வேண்டும். பாம்பைத் தேடி அடித்துக்கொண்டு வர நேரத்தைச் செலவிடாதீர்கள்.

பாம்பைவிட அடிக்கடி நடப்பது கடந்தைக் குளவி கொட்டுவதும் செந்தட்டிச் செடி அரிப்பும். அதைவிட ஆபத்தானது கோடை இடி. மதியத்துக்குமேல் மலைப்பக்கம் கறுத்தால் கவனியுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் முப்பது எண்ணுவதற்குள் சத்தம் கேட்டால் வீட்டுக்குள் போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் திரும்ப வெளியே. தென்னந்தோப்பில் மழைக்கு ஒதுங்குவது கூடாது.

பெரியவர்கள் செய்யும் தவறுகளில் முதலாவது, பரீட்சை வைப்பது. "இது என்ன மரம்? அறிவியல் பெயர் என்ன?" என்று தொடங்கினால் பிள்ளை போனைத் தேடும். அடுத்தது, கேள்வி வந்தவுடன் பதிலைக் கொட்டிவிடுவது. பதில் தெரிந்தாலும் "நாளைக்குக் காலையில பார்ப்போமா" என்று ஒரு நாள் தள்ளிப் போடுங்கள். தெரியாவிட்டால் விளையில் வேலை செய்கிறவரிடமோ, பனையேறுகிற பாட்டாவிடமோ பிள்ளையே போய்க் கேட்கட்டும். "பாட்டா, அக்கானி ஏன் சில நாள் புளிக்கு?" என்று பதநீரைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்கிற பிள்ளைக்கு சுண்ணாம்பைப் பற்றியும் நொதிப்பைப் பற்றியும் பாடம் அங்கேயே நடந்துவிடும். இன்னொன்று, இரண்டு பேருக்கும் ஒரே வேலை கொடுப்பது. ஏழும் பதினொன்றும் ஒரு லென்ஸுக்கு அடித்துக்கொள்ளும். அவனுக்குக் குழியானை, அவளுக்கு நிழல் குச்சி. ஒருவர் கணக்கை மற்றவர் சரிபார்க்கலாம், அவ்வளவுதான் கூட்டு.

போனைப் பிடுங்கிக்கொண்டு வெளியே துரத்தினால் வெளி என்பதே தண்டனையாகிவிடும். ஒரு வேளைக்கு மூன்று படம் மட்டும் எடுக்கலாம் என்று கணக்கு வைத்துப் பாருங்கள். மூன்றே என்றால் எதை எடுப்பது என்று யோசித்துத்தான் எடுப்பார்கள். முதல் வாரம் முக்கால் மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள், அவர்கள் இன்னும் இருக்கலாமே என்று சொல்லும்போதே கிளப்பிக்கொண்டு வந்துவிட வேண்டும். நாலைந்து நாள் எதுவும் நடக்காத மாதிரி இருக்கும். அந்த நாட்களில் நீங்கள் போனை எடுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டமான பகுதி.

இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, மே கடைசியில் அல்லது ஜூன் முதல் வாரத்தில் தொடங்கிவிடும். அதற்குள் குழியானையை எடுத்த அதே இறவாணத்தடியில் தொட்டி மண்ணோடு கொட்டிவிடச் சொல்லுங்கள். மண்ணைச் சலிக்கும்போது மணல் ஒட்டிய உருண்டை ஒன்று, பட்டாணி அளவில், உங்கள் கையில் பட்டால் உடைத்துப் பார்க்க வேண்டாம். அதுதான் கூடு. அதை மட்டும் காய்ந்த மண்ணோடு ஒரு பாட்டிலில் போட்டு, வாயில் கொசுவலை கட்டி, உள்ளே சாய்வாக ஒரு குச்சி வையுங்கள். சில வாரத்தில் வெளிவரும் பூச்சி சிறகு விரித்து உலர்த்திக்கொள்ள ஏறி நிற்க அந்தக் குச்சி வேண்டும், இல்லாவிட்டால் சிறகு சுருண்டுபோகும்.